மேட்டிலிருந்து பார்த்தவர்

விடிந்ததும் மணல்மேட்டில் நின்றிருந்த இருசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து வடக்கே வீசிக் காட்டினார். கடலில் மீன் கூட்டம் கறுத்துத் தெரிந்தால் அவர் துண்டு வீசுவார். கரையில் இருப்பவர்கள் வலையோடு படகைத் தள்ளுவார்கள். இருபது வருஷமாகக் குப்பத்தில் அதுதான் வழக்கம். அன்றைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இறங்கி வந்தார். "இன்னாடா, துண்டு காட்டிகினே கீறேன், ஒக்காந்துகினு கீறீங்க?"

படகுக்காரன் சடையப்பன் வேறெங்கோ பார்த்தபடி சொன்னான். "தூரத்துல கீறது தெரியலன்னு நேத்து கோர்ட்ல சொன்னியாமே அண்ணாத்த. ஒன் கண்ண நம்பி எப்பிடி வலைய எறக்கறது?"

இருசப்பனின் முகம் செத்துப் போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன் அதே மேட்டிலிருந்துதான் பார்த்தார். கான்டிராக்டர் ராஜாராம் தானே வேனை ஓட்டி வந்து, மேட்டடி ரோட்டில் சைக்கிளில் போன குப்பத்துக் காத்தவராயனை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனார். அவர் முகத்தைப் பார்த்த சாட்சி இருசப்பன் ஒருவர்தான். போலீஸில் உள்ளபடி சொன்னார்.

போன வாரம் ராஜாராமின் வக்கீல் அவரைச் செங்கல்பட்டுக்கு வரவழைத்து, காபி வாங்கிக் கொடுத்து இதமாகப் பேசினார். "பொய் சொல்லச் சொல்லலைப்பா. தூரம், முகம் சரியா தெரியலைன்னு சொன்னா போதும். உன் பையன் சீனுவுக்குக் கல்பாக்கத்துல வேலைக்குச் சொல்றேன்."

மகனாவது கரையேறட்டும் என்று இருசப்பன் முந்தின நாள் கூண்டில் அப்படியே சொன்னார். காத்தவராயன் மனைவி சம்பூர்ணம் எதிரே நின்றிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

இப்போது அவளே மீன்கூடையோடு வந்து நின்றாள். "படகத் தள்ளுங்க. அவரு கண்ணுக்கு ஒரு கொறயும் கெடையாது. எம்புருசன் செத்ததுகூட அந்தக் கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சிது."

அவள் குரலை உயர்த்தவில்லை. படகு போயிற்று. அவர் காட்டிய இடத்திலேயே வலை நிறைந்து வந்தது. இருசப்பனால் தன் பங்கைத் தொட முடியவில்லை. அவமானம் தாங்காமல் அப்படியே செங்கல்பட்டு பஸ் ஏறி அரசு வக்கீலைப் பார்த்தார்.

"நேத்து நான் சொன்னது பொய் சார். திருப்பி என்னைக் கூண்டுல ஏத்துங்க."

"மனு போட்டுப் பார்க்கலாம். ஆனா பொய்ச்சாட்சின்னு உன் மேலயே கேஸ் வரும். தெரியுமா?"

"வரட்டும் சார். பையன் வலை இழுத்துப் பொழச்சிக்குவான். பாத்தவன் பாக்கலன்னு சொல்லிட்டா, செத்தவனுக்கு வேற யாரு சார் கீறாங்க? வேன் ஏத்தினவனக் காப்பாத்தினா, நானுந்தான் ஏத்தினவன்."