பாவோவுடன் ஒரு படகில்

மங்கிஹுத் கண் விழித்தபோது பக்கத்துப் பாயில் தலையணை மட்டும் கிடந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவனும் மச்சான் ஜோங்கியும் ஒன்றாகத்தான் படுத்தார்கள். தோபா ஏரியின் எதிர்க்கரையில் ஒரு பெரியவர் இறந்து நான்காம் நாள். ஊரிலிருந்த மோட்டார் படகுகள் எல்லாம் ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போயிருந்தன. அவன் மனைவி தியுர்மாவும் போயிருந்தாள். போகும்போது தன் அண்ணன் ஜோங்கியைத் தண்ணீர்ப் பக்கம் விடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள். மார்ச் மாதம் ஜோங்கிக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் திரும்பிவிட்டது, கை பாதிதான் திரும்பியது. இனிமேல் படகைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, படகுகளை வாடகைக்கு விட்டே பிழைத்த அந்த மனிதன் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மங்கிஹுத் எழுந்து கரைக்கு வந்தான். சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் கயாக் என்னும் துடுப்புப் படகுகள் கொட்டகையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மஞ்சள் படகு இருந்த இடத்தில் மணலில் ஒரு கோடு தண்ணீர்வரை போயிருந்தது.

வெங்காயக் கொல்லையிலிருந்து ஜோங்கியின் மனைவி லம்ரியா கையில் மண்ணோடு வந்துகொண்டிருந்தாள். அவளும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டாள். விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய் சன்னல் மேடையில் கையால் தடவினாள். வெளியே வந்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு கறுப்பு ரப்பர் அடைப்பான் இருந்தது.

அவள் மங்கிஹுத்தைப் பார்க்கவில்லை. கொட்டகைத் தூணைப் பார்த்துச் சொன்னாள்.

"மஞ்சள் படகோட அடைப்பான் இது. உள்ள இருக்கிற தண்ணி வடியட்டும்னு காலையில நான்தான் கழட்டி வச்சேன்."

தூணிடம் சொன்னது மங்கிஹுத்துக்குப் புரிந்தது. அந்தப் படகுகள் உள்ளே வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் கூடுகள். அடைப்பான் இல்லாமல் ஏரியில் இறங்கினால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் பின்பக்கம் கனத்து அமிழும். அதற்குள் மதியக் காற்றும் எழுந்துவிட்டால், ஒரு கையால் துடுப்புப் போடும் மனிதன் என்ன செய்வான்?

தியுர்மாவின் கைப்பேசிக்கு அடித்துப் பார்த்தான். சாவு வீட்டு மேளத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் அங்கிருந்து படகு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். லம்ரியா கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையை ஒட்டி வெகுதூரத்தில், பாறைமுனைக்கு முன்னால் மிதக்கும் மீன் கூண்டுகளுக்கு அருகே ஒரு மஞ்சள் புள்ளி. படகின் நுனி மட்டும் தெரிந்தது.

மதியக் காற்றில் தனிப் படகை ஒருவர் ஓட்டிப் போய் இன்னொருவரை ஏற்றிவர முடியாது. ஆரஞ்சு நிற இரட்டைப் படகு ஒன்று இருந்தது. நடுவில் குழந்தைகளுக்கான மூன்றாவது இருக்கையும் அதில் உண்டு. லம்ரியா அதன் ஒரு முனையைப் பிடித்தாள். மங்கிஹுத் மறுமுனையைப் பிடித்தான். அவள் முன்னால் ஏறினாள், அவன் பின்னால். கரையிலிருந்து தள்ளிவிட்ட பிறகுதான் மங்கிஹுத்துக்கு உறைத்தது. முப்பத்தொரு வருடங்களாக இருவரும் ஒரே பெஞ்சில்கூட உட்கார்ந்ததில்லை.

மனைவியின் சகோதரனைக் கட்டியவள் பாவோ. அவளுக்கு அவனும் பாவோ. அவர்கள் குல வழக்கப்படி பாவோவோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. தொடக்கூடாது. தனியே இருக்கக்கூடாது. நடுவில் ஓர் ஆள் இருந்தால் அவர் வழியாகச் சொல்லலாம். ஆள் இல்லாவிட்டால் சுவரிடமோ தூணிடமோதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடங்களும் நடுவில் இருந்தது ஜோங்கி. சாப்பாட்டு நேரத்தில், பாவோவுக்கு இன்னொரு துண்டு மீன் வேண்டுமா என்று கேட்கச் சொல்வாள் லம்ரியா. ஜோங்கி மங்கிஹுத் பக்கம் திரும்பி, "உன் வயித்துக்கு அடி இருக்கா இல்லியான்னு கேக்குறா மச்சான்" என்பான். மங்கிஹுத் போதும் என்றால், சமையல் வாயில் வைக்க வழியில்லை என்று அவளிடம் போய்ச் சேரும். லம்ரியா சிரிப்பதை மங்கிஹுத் தலையைக் குனிந்தபடி காதால் மட்டும் கேட்பான்.

அதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது.

பள்ளிக்கூடம் பாறைமுனைக்கு அந்தப் பக்கம். அப்போது சாலை கிடையாது. லம்ரியாவின் அப்பா ஒரே மரத்தில் குடைந்த சின்னப் படகு ஒன்றை வைத்திருந்தார். ஆறு வருடங்கள், ஞாயிறு தவிர எல்லா நாளும், அவள் முன்னால் அவன் பின்னால். ஒழுகும் படகு. கொட்டாங்கச்சியால் அவள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் கவிழ்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பாறையில் தாள்தாளாகப் பிரித்துக் காயவைத்தார்கள். காய்ந்த புத்தகம் இரண்டு மடங்கு தடித்துவிட்டது. அதை மூடவே முடியாது. தேவாலயத்தில் அவள் அதன்மேல் முழங்கையை ஊன்றி அழுத்தியபடிதான் பாடுவாள்.

படகில் அவர்கள் பெரும்பாலும் பேசிக்கொண்டதில்லை. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேட்டபடி போவார்கள். இரண்டே இரண்டு சொற்கள் மட்டும் அவர்களுக்குள் உண்டு. ஏரிக்கு அப்பாலுள்ள மலைகளின் பக்கமிருந்து அலை வந்தால் "மலை". ஊர்க்கரையில் மோதித் திரும்பும் அலை என்றால் "வீடு". சொல்லைக் கேட்டதும் இருவரும் அந்தப் பக்கம் சேர்ந்து சாய வேண்டும். காற்று முதுகில் என்றால் பின்னால் இருப்பவன் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முகத்தில் என்றால் முன்னால் இருப்பவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பதினெட்டு வயதில் அவன் பாத்தாம் தீவுக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். ஐந்து வருடங்கள் கழித்து அங்கே தியுர்மாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். அடுத்த வருடமே தியுர்மாவின் அண்ணனுக்கு லம்ரியாவைப் பேசி முடித்தார்கள். பெண் எடுத்த வீட்டு மாப்பிள்ளை என்ற முறையில் அந்தக் கல்யாணத்தில் இறைச்சி வெட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் மங்கிஹுத்தின் வேலை. சமையல் பந்தலுக்கு அருகே அவனைக் கடந்து போனவள், சட்டையில் ஒரு பொத்தான் கழன்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு பாதிரியார் அழைத்தார். அதுதான் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. பொத்தான் கழன்றிருந்ததா, அவன் சரிபார்த்தானா என்பதுகூட இப்போது நினைவில்லை.

வளைகுடாவைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. முதுகுக் காற்று. லம்ரியாவின் துடுப்பு வேகமாக விழுந்தது. அவளுக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது, பின்கழுத்தில் முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் துடுப்பை எடுக்கும்போது வலது தோளை லேசாகத் தூக்கும் பழக்கம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபடி மங்கிஹுத் துடுப்புப் போட்டான்.

கூண்டுகளுக்குப் பாதி தூரம் இருக்கும்போது திரும்பிப் பார்த்தான். மலைப்பக்கமிருந்து ஓர் அலை, மற்ற அலைகளைவிட ஒரு முழம் உயரமாக, சாய்வாக வந்துகொண்டிருந்தது.

சொல்ல வேண்டும். வாய் திறந்தது. சொல் வரவில்லை. சொல்வதற்கு ஒரு தூணைக் கண்கள் தேடின. படகில் அவளையும் அவனையும் தவிர எதுவும் இல்லை. துடுப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் அலை வந்துவிட்டது. அவன் மலைப்பக்கம் சாய்ந்தான். எதுவும் தெரியாத அவள் தடுமாறி ஊர்ப்பக்கம் சாய்ந்தாள். படகு ஒரு பக்கமாக எழுந்து, யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, கவிழ்ந்தது.

தோபா ஏரியின் குளிர் நெஞ்சைப் பிடித்தது. மேலே வந்தபோது அவன் துடுப்பு பத்து அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நீந்திப் போய்ப் பிடித்துத் திரும்பினான். லம்ரியா தன் துடுப்பை விடாமல், கவிழ்ந்த படகின் மறுபக்கத்தைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள். படகின் ஆரஞ்சு முதுகு இருவருக்கும் நடுவில். அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"மங்கிஹுத், வாயைத் தச்சு வச்சிருக்கியா? அலை வருதுன்னு சொல்ல மாட்ட?"

பெயர் சொல்லி, நீ போட்டு. பள்ளிக்கூடத்துப் படகில் கேட்ட அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

"சொல்லக் கூடாதுல்ல" என்றான். சொன்ன பிறகு அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்பது அவனுக்கே கேட்டது.

"அங்க அவரு முழுகிட்டு இருக்காரு. இப்ப முறை பாக்குற நேரமா? நான் எண்ணுறேன், மூணுல புரட்டு."

அவள் எண்ணினாள். புரட்டினார்கள். மறுபடி எண்ணினாள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வயிற்றால் ஏறினார்கள். ஒருவர் முந்தினால் மீண்டும் கவிழ்ந்திருக்கும். யாரும் முந்தவில்லை.

அதன்பிறகு அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். மலை. மலை. பாறைமுனை நெருங்கியதும், வீடு. சொன்ன நொடியில் அந்த நரைத்த தலை சாய்ந்தது. அவனுக்குப் பயம் இருந்தது. ஜோங்கி கூண்டை எட்டியிருப்பானா, எட்டியிருந்தாலும் ஒரு கையால் எவ்வளவு நேரம் தாங்குவான்? அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் வைக்க அவன் விரும்பவில்லை.

மஞ்சள் படகு மூக்கை மேலே தூக்கியபடி செங்குத்தாக நின்றது. அதைத் தாண்டி, கூண்டைத் தாங்கும் நீல நிற டிரம் ஒன்றின் கயிற்றில் வலது முழங்கையை மாட்டிக்கொண்டு ஜோங்கி தொங்கினான். உதடு கறுத்திருந்தது. கண் மூடியிருந்தது. லம்ரியா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது கண் திறந்தது.

"நீங்க ரெண்டு பேரும் கத்துறது... கூண்டு மீனெல்லாம்... பயந்து கெடக்கு" என்றான். பல் தந்தியடித்ததில் அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

அவனை ஏற்றுவது எளிதாக இல்லை. லம்ரியா கூண்டின் மூங்கில் நடைமேடையில் இறங்கி அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். மங்கிஹுத் கால்களைத் தூக்கினான். இடையில் ஒருமுறை அவள் விரல்கள் மங்கிஹுத்தின் மணிக்கட்டின் மேல் அழுந்தின. இருவரும் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஜோங்கி மறுபடி தண்ணீருக்குள் போயிருப்பான். கடைசியில் குழந்தைகள் உட்காரும் நடு இருக்கையில் கால்களை மடக்கி அவனை உட்கார வைத்தார்கள். லம்ரியா தன் ஈர ரவிக்கைக்கு மேலிருந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்து அவன் தோளில் போட்டாள். மஞ்சள் படகை அப்படியே விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது காற்று முகத்தில். மூன்று பேர் கனத்தில் படகு தண்ணீருக்குள் அழுந்தி ஊர்ந்தது. இனி அலையைப் பார்ப்பவள் லம்ரியா. மங்கிஹுத்துக்கு முன்னால் மச்சானின் அகன்ற முதுகு. எதுவும் தெரியவில்லை.

முதல் அலைக்கு லம்ரியா, "அவருகிட்ட சொல்லுங்க, மலைப்பக்கம்" என்றாள். ஜோங்கி நடுவில் இருந்தான். முறை தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஜோங்கி தலையைத் திருப்பி வாயைத் திறப்பதற்குள் அலை மடியில் ஏறி இறங்கியது. படகு ஆடி, எப்படியோ நிமிர்ந்தது.

ஜோங்கி நடுங்கியபடி வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பினான். பிறகு சொன்னான்.

"நான் என்ன தபால்காரனா? வாய் கோணுது எனக்கு. வரும்போது எப்படிக் கத்திட்டு வந்தீங்களோ அப்படியே போங்க."

துடுப்புகள் விழுந்தன, எழுந்தன.

"கரையில பாத்துக்கலாம்" என்றான் ஜோங்கி மெல்ல. "தண்ணியில நான் ஒண்ணும் கேக்கல."

அடுத்த அலை வந்தபோது லம்ரியாவின் குரல் நேராகப் பின்னால் வந்தது. "மலை." மங்கிஹுத் சாய்ந்தான். நடுவில் ஜோங்கியும் சாய்ந்தான். "வீடு." மூவரும் சாய்ந்தார்கள். அந்தச் சொற்கள் எப்படி வந்தன, யாருடையவை என்று ஜோங்கி கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு மங்கிஹுத்திடம் பெரிதாக எதுவும் இல்லை. ஓர் ஒழுகும் படகு, தடித்துப்போன பாட்டுப் புத்தகம். இவ்வளவுதானா என்று மச்சான் கேட்பான். இவ்வளவுதான்.

ஜோங்கியின் நடுக்கம் குறைந்தது. செவியும் கழுத்தும் பழைய நிறத்துக்கு வந்தன. ஏரிக்குப் போனது தப்பு என்று அவன் சொல்லவில்லை, அடைப்பான் தன் தவறு என்று லம்ரியாவும் சொல்லவில்லை. பிழைத்துக்கொண்டான் என்பது மூவருக்கும் தெரிந்துவிட்டது.

வளைகுடாவுக்குள் நுழைந்ததும் காற்று அறுந்தது. குன்று மறைத்துக்கொண்டது. தண்ணீர் பலகைபோல் கிடந்தது. தூரத்தில் கொட்டகை, அதற்குப் பின்னால் தேவாலயத்தின் தகரக் கூரை, நாலைந்து பன்றிகள். இன்னும் முப்பது துடுப்பு போடும் தூரம் இருக்கும். மங்கிஹுத் அறியாமலே மெதுவாகப் போடத் தொடங்கியிருந்தான். முன்னால் விழும் துடுப்பும் மெதுவானது.

இருபது இருக்கும். கரை தொட்டால் மறுபடி தூண்தான்.

அலை எங்கும் இல்லை. ஒரு சுருக்கம்கூட இல்லை.

"மலை" என்றாள் லம்ரியா.

மங்கிஹுத் சாய்ந்தான். ஜோங்கி தட்டையான தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு, ஒன்றும் கேட்காமல், அவனும் மலைப்பக்கம் சாய்ந்தான்.