சறுக்குப் பலகையின் அடிப்பக்கம்

கடிகாரக் கடைக்காரர் இரண்டாவது முறையாகவும் மாதிரி டிராயரைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் தச்சுப் பட்டறை மேசையில் வைத்தார்.

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரி இருக்கும்மா இது. உள்ள போனா வெளிய வர மாட்டேங்குது."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கடைக்குச் சுவர் நிறைய சின்னச் சின்ன டிராயர்கள் வேண்டும். அந்த வேலை கிடைத்தால் பட்டறை நிற்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

"நாளைக்கு ஒண்ணு சரியா காட்டுங்க. இல்லன்னா பெரிய பட்டறைக்குப் போயிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் போனதும் அக்கா என் மூக்குக் கண்ணாடியைத் தொட்டு நேராக்கினாள். அந்தக் கண்ணாடியே அவள் டாக்டரிடம் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்ததுதான். முதல் டிராயர் கோணியபோது, "உனக்குக் கண்ணுதான்டி சரியில்ல" என்றாள். நானும் நம்பினேன். கண்ணைச் சந்தேகப்பட்டேன், கையைச் சந்தேகப்பட்டேன், ரம்பத்தின் பல்லை, மரத்தின் ஈரத்தை எல்லாம் சந்தேகப்பட்டேன். சறுக்குப் பலகையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அது நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. ரம்ப மேசையில் இருக்கும் இரண்டு பள்ளங்களில் வழுக்கி ஓடும் ஒரு அகலப் பலகை. அதன் மேல் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை. மரத்தைக் கட்டையோடு அணைத்துப் பிடித்துப் பலகையோடு தள்ளினால், நடுவில் சுழலும் ரம்பம் அறுத்துவிடும். கட்டை ரம்பத்துக்குச் சரியான செங்கோணத்தில் இருக்கும்வரை, அறுப்பதெல்லாம் செங்கோணம். அதைத் திருகி முடித்த அன்று பலகைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்தாள் அக்கா. உதட்டில் மரத்தூள்.

அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சந்தேகப்பட வேறு எதுவும் மிச்சமில்லாததால், பலகையையும் சோதித்தேன். ஒரு சதுரத் துண்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பி அறுத்து, கடைசியில் முதல் பக்கத்திலேயே மறுபடியும் ஒரு கீற்று எடுத்தால், கட்டையில் உள்ள கோணல் நான்கு மடங்காகப் பெருகி அந்தக் கீற்றில் தெரியும். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்துக்குப் பிடிபடாத பிழை இதில் தப்பாது. கீற்றை நடுவில் ஒடித்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன். ஒன்று தடிமன், ஒன்று மெலிவு.

மரம் தானாக நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பலகையைக் கவிழ்த்தேன். கட்டையைப் பிடித்திருக்கும் திருகு பழைய இடத்தில் இல்லை. பழைய துளையில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்திருந்தது. பக்கத்திலேயே புதுத் துளை. அதில் இறங்கியிருந்த திருகின் தலைக்கோடு, மர ரேகையோடு ஒரே திசையில் நின்றது.

உலகத்தில் திருகை அப்படி நிறுத்தும் ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். கோடு ரேகையோடு ஒத்துப்போகாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கெடுக்கும்போதுகூட அவளால் அலங்கோலமாகக் கெடுக்க முடியவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது பலகை கவிழ்ந்தே கிடந்தது. பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பெரிய பட்டறையில என்னைக் கூப்பிட்டாங்க" என்றாள். "அங்க ரம்ப மேசையே நகருமாம், சறுக்குப் பலகையே வேண்டாமாம். நான் சரின்னுட்டேன்."

"அதுக்கு?"

"உன்கிட்ட சொல்ல வாய் வரல. இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா பட்டறை தானா மூடிடும். யாரும் யாரையும் விட்டுட்டுப் போன மாதிரி இருக்காதுன்னு நெனச்சேன்."

"தானா?"

அவள் பலகையை நிமிர்த்த வந்தாள். நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"போறேன்னு சொல்லியிருந்தா என்னக்கா? அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே? கண்ணு தெரியலன்னு சொல்லி டாக்டர்கிட்ட உக்கார வச்சியே. அந்த எழுத்தெல்லாம் நான் கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். நீ பக்கத்துல நின்னு பாத்துட்டுதானே இருந்த? அப்பவும் கண்ணாடி மாட்டிவிட்டியே?"

"அது தப்புதான்டி."

திருகைக் கழற்றினேன். கட்டையை நகர்த்தி, அறுத்து, கீற்றை அளந்து, மறுபடி நகர்த்தினேன். முனைகள் இரண்டும் ஒன்றாகும்வரை விடவில்லை. திருகை இறுக்கியபோது கோடு எங்கே நின்றதோ அங்கேயே விட்டேன்.

டிராயருக்கு எடுத்த பலகை நீளமானது. அறுக்கும்போது தொங்கும் முனையை ஒருவர் தாங்க வேண்டும். பட்டறை ஆரம்பித்த நாள் முதல் அதை அக்காதான் தாங்குவாள். இப்போதும் பழக்கத்தில் மறுபுறம் போய், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நகரு."

ஸ்டூலை இழுத்து வந்து, அதன்மேல் கழிவுத் துண்டுகளை அடுக்கி, உயரம் பார்த்து, பலகையின் முனையை அதில் ஏற்றினேன். கொஞ்சம் ஆடியது. ஒரு மரச்சீவலை அடியில் செருகினேன். பிறகு ரம்பத்தைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவள் ஏதோ சொன்னாள். நான் கேட்கவில்லை.

மறுநாள் கடிகாரக் கடைக்காரர் டிராயரை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், தலைகீழாகச் செருகிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் போலிருந்தது.

"மிச்சத்தையும் இப்படியே செஞ்சுடுங்கம்மா, ரெண்டு பேரும்."

"ஒருத்திதான்" என்றேன்.