அறுபத்து மூன்று கொழுந்து

மூக்கன் பெரியப்பா சவர்க்கார டப்பாவைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் லோஜினி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"பெரியப்பா, எதையும் அமுக்கிறாதீங்க! அப்பிடியே குடுங்க."

"நான் என்னாம்மா செஞ்சேன்? தம்பிகூட பெட்டியில வைக்கிற சாமானத்தான் எடுக்குறேன். வெத்தலப் பை, கண்ணாடி எல்லாம் எடுத்தாச்சு. இதுவும் அவன் கையிலயே கெடந்ததுதானே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. செத்தவர் கையாண்ட பொருளை அவரோடே அனுப்பிவிடுவது அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். லோஜினி டப்பாவை வாங்கி, பொத்தான்களில் விரல் படாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள். மூடியில் வெட்டிய சின்னச் சதுரத்துக்குள் ஒரு கொழுந்துப் படமும் பக்கத்தில் 63 என்ற எண்ணும் எரிந்துகொண்டிருந்தன. நேற்று இருந்ததைவிட வெளிச்சம் மங்கியிருந்தது.

டப்பாதான் சவர்க்காரத்தினுடையது, உள்ளே இருந்தது விளையாட்டுக் கருவி. நுவரெலியாவில் போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் லோஜினி முதன்முதலாகத் தன் கையால் செய்தது. வீடியோவைப் பார்த்துப் பார்த்து, விரலை நாலு தடவை சுட்டுக்கொண்டு, கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டி, பழைய போன் பற்றரியை உள்ளே பொருத்தி, ஆட்டத்தையும் தானே எழுதினாள். மேலேயிருந்து கொழுந்து விழும். கூடை ஏந்திய பெண்ணை இங்கும் அங்கும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். மூன்றைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. நெஞ்சு வியாதியோடு ஆறு மாதமாகப் படுத்துக் கிடந்த அப்பா கந்தப்பனுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் செய்தாள்.

அவரோ முதல் நாளே குற்றப்பத்திரிகை வாசித்தார். "கூடைய முன்னால புடிக்கிறா பாரு. எந்தத் தோட்டத்துலம்மா இப்பிடிக் கொழுந்து எடுக்குறாங்க? முதுகுல மாட்டச் சொல்லு."

அதைவிடப் பெரிய பிழையையும் அவர்தான் கண்டுபிடித்தார். இடது பொத்தானை அமுக்கினால் கூடை வலது பக்கம் ஓடியது. பொத்தான்கள் பதித்த பலகையைக் குப்புறப் போட்டு ஒட்டும்போது இடது வலதாகிவிடும் என்பது லோஜினிக்கு அன்று தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அதைச் சரிசெய்து வைத்தாள். எழுந்து ஆடியவர் ஐந்து கொழுந்துகூடப் பிடிக்க முடியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் பழகி வச்சதக் கெடுத்துப்புட்டியே. பழையபடி செஞ்சு குடு."

ஒற்றைக் காலில் நின்று அதைச் சாதித்தும் விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கருவி அவர் ஒருவருடைய விரலுக்குத்தான் கட்டுப்பட்டது. செய்தவளுக்கே இருபதைத் தாண்டவில்லை.

இன்னும் சில குறைகள் இருந்தன. எண்ணைச் சேமித்து வைக்க அவள் வழி செய்யவில்லை, அணைந்தால் போய்விடும். எந்தப் பொத்தானைத் தொட்டாலும் புது ஆட்டம் தொடங்கிவிடும். பற்றரி இரண்டு நாள் தாங்கும், ஆனால் அதைக் கழற்றித்தான் சார்ஜ் போட வேண்டும், கழற்றினால் எல்லாம் போச்சு. அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

புதன்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்கு அப்பா போனில் கோல் எடுத்தார். கடையில் மூன்று பேர் காத்து நின்றார்கள்.

"அம்மாடி, இன்னைக்கு நான் எத்தன புடிச்சேன் தெரியுமா?" மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"எத்தனப்பா?"

"சொல்ல மாட்டேன். நீயே வந்து பாரு."

"ஞாயித்துக்கெழமதானேப்பா எனக்கு லீவு. அதுவரைக்கும் பற்றரி தாங்காது. இன்னொருக்கா வெளாண்டு எடுங்க, என்னா?"

"சரிம்மா, வேலயப் பாரு" என்று வைத்துவிட்டார்.

வியாழன் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ராகலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக மேட்டில் ஏறி வந்தவளைக் கட்டிக்கொண்டு அம்மா வீரம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே முதலில் சொன்னதே இதைத்தான்: "நீ வர்ற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அலுமாரி மேல வச்சிருக்கேன்."

நேற்றிலிருந்து அந்த எண்ணை எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். போனில் படம் எடுத்தால் திரை முழுக்கக் கறுப்புக் கோடு விழுந்தது. ஆறு தெரிந்தது, மூன்று தெரியவில்லை. இன்று வெள்ளி. சாயந்தரம் வரை எரிந்தால் பெரிய காரியம். புதன்கிழமையே கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தால் எண்ணோடு அவர் முகத்தையும் பார்த்திருக்கலாம். இன்னொருக்கா விளையாடுங்கள் என்று எந்த வாயால் சொன்னேன் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது அவளுக்கு.

வாசலில் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்த்தார்கள். அண்ணன் சுமன் உள்ளே வந்தான்.

"லோஜி, அதக் குடு. பெட்டி மூடப் போறாங்க."

"இது வேணாண்ணே. நான் வச்சுக்கிறேன்."

"வச்சு என்னா செய்யப் போற? பொழுது போறதுக்குள்ள அணைஞ்சுரும்னு நீதானே சொன்ன?"

"அணைஞ்சா என் கையில அணையட்டும்."

சுமன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தார். கடைசியில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வீரம்மாதான் வாயைத் திறந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நீ பாக்கணும்னுதானே வச்சிருந்தாரு. பாத்துட்டேன்னு அவருகிட்ட சொன்னியா?"

லோஜினி சொல்லவில்லை. நேற்றிலிருந்து அவர் காதருகே என்னென்னவோ சொல்லி அழுதாள், அதை மட்டும் சொல்லவில்லை.

பெட்டியருகே குனிந்தாள். அப்பாவுக்குத் தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கைகளைக் கட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்துட்டேன்ப்பா," என்றாள். "அறுபத்து மூணு. என்னாலயே முடியாதுப்பா."

டப்பாவைச் சட்டைப் பைக்குள் மெல்ல இறக்கினாள். எந்தப் பொத்தானும் அமுங்கவில்லை. எண் மறைந்துவிட்டது, துணி வழியாக வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அந்தத் தோட்டத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தப்புச் சத்தம் கோயில் வளைவில் திரும்பித் தேயிலைக்குள் இறங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து வீடு கழுவத் தொடங்கினாள். வாளியை வைக்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரைக்கு எரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். நாலேகாலுக்கும் அப்படியே நினைத்தாள்.

ஐந்து மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். சுமன் நேரே பீலிக்குப் போய்க் குழாய்த் தண்ணீரில் மண்ணாயிருந்த கைகால்களையும் முகத்தையும் கழுவினான். லோஜினி துவாயோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"கடைசியா முகம் பாக்கத் தொறந்தப்போ வெளிச்சம் இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு."

அவள் துவாயை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"எனக்குப் பதினொரு கொழுந்துக்கு மேல வந்ததே இல்ல," என்றான். கழுவி முடித்த முகத்தை மறுபடியும் தண்ணீருக்குக் கீழே கொடுத்தான்.