அடியில் இருந்த எழுத்து

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "வாட்ச் ரிப்பேர் ஷஃபியுல்லாவா? கை தங்கம், வாய் தேள்" என்று செங்கல்பட்டு பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தங்கக் கைதான் இப்போது ஒரு குடியைக் கெடுத்தது. என் குடியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எல்லப்பன் குடி.

எல்லப்பன் கடப்பாக்கம் பஸ்ஸில் கண்டக்டர். சொந்த ஊர் கருங்குழி. நயா பைசா வந்ததிலிருந்து ஜனங்கள் பானையில் கிடந்த பழைய காசையெல்லாம் டிக்கெட்டுக்கு நீட்டுகிறார்கள். மற்ற கண்டக்டர்கள் திட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். இந்தப் பைத்தியக்காரன் டிக்கெட் பையில் தன் சொந்தக் காசைப் போட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்வான். சாயங்காலம் நேரே என் கடைக்கு வந்து, "மச்சான், இத்த கொஞ்சம் பாரேன்" என்பான். நவாப் காசுகளில் இருக்கும் பார்சி எழுத்து அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கண்ணில் மாட்டும் லென்ஸும் என்னிடம் இருக்கிறது.

போன மாதம் மீன்காரி முனியம்மா ஆலம்பரைக் கோட்டை மணலில் பொறுக்கிய செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தான். அந்தக் கோட்டையில் நவாப் காலத்தில் காசு அடித்தார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. லென்ஸை வைத்துப் பார்த்தேன். பார்சியில் 'சீன்' எழுத்துக்கு மூன்று பல் உண்டு. அந்தப் பல்லுக்கு அடியில் 'மீம்' எழுத்தின் உருண்டைத் தலை, மங்கலாக. காசு அடிக்கும் அச்சை வெட்டியவன் தப்பான எழுத்தை வெட்டிவிட்டு, அதைத் தூர்த்து, அதன்மேலேயே சரியானதை வெட்டியிருக்கிறான். முழுசாக மறையவில்லை.

"திருட்டுப்பயலே, மாட்டிக்கினியா!" என்று அந்தக் காலத்து அச்சுக்காரனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

எல்லப்பன் கண்ணுக்கு அங்கே ஒரு மேடுதான் தெரிந்தது. "நீ சொன்னா சரிதான் மச்சான்" என்றான்.

ஓய்வுபெற்ற வக்கீல் ராஜாராம் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் காசு சேர்ப்பவர்கள் கூடுவோம். அவர் ஆலம்பரைக் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார். புதுசாக எதையாவது கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவர் பெயரையும் அதில் போடுவதாகச் சொல்லியிருந்தார். புத்தகத்தில் தன் பெயர் என்றதும் எல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டி வசந்தாவிடம் சொன்னான், டிரைவரிடம் சொன்னான், பஸ்ஸில் ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லாரிடமும் சொன்னான்.

ராஜாராம் காசைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே பாய்? வாட்ச்சையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார். கீழே இறங்கியதும் எல்லப்பன் காசை என்னிடமே கொடுத்து வைத்தான்.

என் கண்ணையா சொல்கிறார் அந்த மனுஷர்?

மறுநாள் கடையில் வாட்ச் ஊசியை எடுத்து, மீமைச் சுற்றியிருந்த செம்பை மயிரிழை சுரண்டினேன். எழுத்து எழும்பி நின்றது. எண்ணெயும் விளக்குக்கரியும் தேய்த்துப் பளபளப்பை அடக்கினேன். இல்லாததைச் சேர்க்கவில்லையே, இருந்ததைத்தானே துலக்கினேன் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எல்லப்பனிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லப்பன் நீட்டிய காசை ராஜாராம் ஜன்னலோரம் நின்று பெரிய லென்ஸில் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கண்டக்டர், இது யார் வேலை? அச்சில விழுந்த எழுத்துக்கு ஓரம் வழவழன்னு இருக்கும். இது ஊசியால சுரண்டினது. போன வாரம் இல்லாத எழுத்து இந்த வாரம் எப்படி முளைக்கும்? புஸ்தகத்தில பேர் வரணும்னு இப்படியா? இனிமே இந்தப் படி ஏறாதே."

எல்லப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி சத்தியமா எனுக்கு ஒண்ணும் தெரியாது சார். மச்சான், நீ சொல்லேன்."

யா அல்லாஹ்! தேள் என்று பேர் எடுத்த வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்துத்தான், "நான்தான் சுரண்டினேன்" என்றேன்.

ராஜாராம் கையை அசைத்தார். "சிநேகிதனைக் காப்பாத்தப் பாக்கறீங்க பாய். உங்க மேல மரியாதைதான் கூடுது."

கீழே இறங்கியதும் எல்லப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனுக்கோசரம் பழிய உன் தலையில போட்டுக்கினியே மச்சான். கூடப் பொறந்தவன் கூடச் செய்யமாட்டான்."

"இல்லடா, நெஜமாவே..."

"போதும், வுடு. யாரும் சுரண்டல. எழுத்து மொதல்லயே இருந்திச்சுன்னு நீதானே சொன்ன."

நான் விட்டுவிட்டேன். சொல்லியாயிற்று, நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று மனசு லேசானது. பாவி, அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விஷயம் பஸ்ஸுக்குப் போய்விட்டது. "இன்னா கண்டக்டரே, சில்லறையிலயும் சுரண்டித் தர்றியா?" என்று கேட்டு, அவன் கொடுக்கும் பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களாம். நேற்று கடைக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். கண் சிரிக்கவில்லை. கையில் டிபன் டப்பா. "வசந்தா கொழுக்கட்டை செஞ்சா. அண்ணாத்தைக்குக் குடுன்னா."

ஒன்றை எடுத்துக் கடித்தேன். பாதியைக் கீழே வைத்துவிட்டேன். இதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"உக்காருடா" என்றேன். டிராயரிலிருந்து என்னுடைய பழைய ஆலம்பரைக் காசு ஒன்றை எடுத்து லென்ஸோடு கொடுத்தேன். "சீனுக்கு அடியில எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்ல."

அவன் கண்ணெதிரிலேயே ஊசியால் சுரண்டினேன். எண்ணெய் தடவி, கரி தேய்த்து, நீட்டினேன். அவன் மறுபடி லென்ஸை வைத்துப் பார்த்தான்.

"மீம்" என்றான். அந்த ஓர் எழுத்து மட்டும் அவனுக்குப் பாடமாகியிருந்தது.

"அப்போ நெஜமாவே நீதானா?"

"நான்தான். வக்கீல் என் கண்ணச் சொல்லிட்டாரேன்னு ஆத்திரம். உன்ன நெனக்கவே இல்லடா. நாளிக்கு அவரு எதிர்லயே இத்தச் செஞ்சு காட்டறேன், உன் பேரு சுத்தமாயிடும். ஆனா ஒண்ணு எல்லப்பா. உன் காசுல அடியில மீம் இருந்திச்சு. அது மட்டும் பொய்யில்ல."

அவன் கையிலிருந்த காசைத் திருப்பினான். "இதுலயும் இருந்திச்சா?"

"இல்ல."

"ரெண்டும் ஒண்ணாட்டந்தான் கீது. அதுல இருந்திச்சுன்னு யாரு சொல்றது? நீதானே."

இருந்த ஒரே சாட்சியை நானே சுரண்டிப் போட்டிருந்தேன்.

டிக்கெட் பையைத் தோளில் மாட்டினான். மிச்சக் கொழுக்கட்டையோடு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"வக்கீல் வூட்டுக்கு எத்தினி மணிக்கு வரணும், பாய்?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னை பாய் என்று கூப்பிட்டதே இல்லை.