ஒரு வருஷம் கை படாதவை

அந்தச் சமையலறை, ஒரு வருஷமாக வீட்டில் ஒருவர் கையும் படாத பொருளைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. விடியும்போது அது நடைபாதையில் கிடக்கும். முதலில் வந்தது கைப்பிடி இல்லாத குக்கர். பிறகு ஐஸ்கிரீம் டப்பாக்கள், பைக்குள் பையாகத் திணித்த பைகள். பூனை வேலை என்றார்கள். பூனை குக்கரைத் தூக்காது. வீட்டுக்காரரான சலூன்காரர் எதிர்வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டு இரண்டாவது பூட்டு போட்டார். மறுநாள் பூட்டிய கதவுக்கு வெளியே துருப்பிடித்த சல்லடை இருந்தது. அதற்குமேல் தெருவில் யாரும் காரணம் தேடவில்லை.

அவர் மனைவிக்குப் பரம சந்தோஷம். ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாத அறை அது. ஃபிரிட்ஜைத் திறந்தால் அலமாரியைத் திறக்க முடியாது. அவள் பாய் போட்டுப் படுப்பதும் அங்கேதான், அவர் குறட்டைக்குப் பயந்து என்று வெளியே சொல்லிக்கொள்வாள். வருஷக்கணக்காக அவள் எதையாவது கழித்துக் கட்டுவாள். அவர் குப்பைத்தொட்டி வரை போய்த் திரும்ப எடுத்து வருவார். "இருக்கட்டும்டி, என்னைக்காவது உதவும்." இப்போதுதான் ஒருவழியாகச் சுவர் கண்ணில் பட்டது.

கை படாததுதான் வெளியே போகிறது என்று பிடிபட்டதும் சலூன்காரர் விடவில்லை. கடை விடுமுறை நாளில் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாகத் தொட்டுவைக்க ஆரம்பித்தார். ஜோடியில்லாத மூடிகள், காது உடைந்த கோப்பைகள், எரிந்துபோன மிக்சியின் ஜார், எல்லாவற்றுக்கும் ஒரு விரல். அடுப்பருகே நிற்கும் மனைவியைக் கடக்கும்போது மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு சுவராகப் போவார். நாளெல்லாம் ஊரார் தாடையைப் பிடித்துத் திருப்புகிற கை அது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு காலை அவள் பாயோடு நடைபாதையில் கிடந்தாள். கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பால்காரர் போட்ட சத்தத்தில் சலூன்காரர் பனியனோடு ஓடிவந்தார்.

"எழுந்து உள்ள வா. நாலு பேர் பாக்குறாங்க."

"கையக் குடுங்க, எழுந்துக்கறேன்."

"ஏன், காலு நல்லாத்தானே இருக்கு?"

"ஓட்டைச் சல்லடையத் தொட்ட கைதானே. என்னைத் தொட்டா தேஞ்சா போயிடுவீங்க?"

பால்காரர் சிரித்துவிட்டார், அதுதான் கெடுத்தது. சலூன்காரர் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். அவளாகவே எழுந்து உள்ளே போய்ச் சமைத்தாள். மறுநாள் விடியும்போதும் வெளியே கிடந்தாள். அதற்கு மறுநாளும். ஒரு விரல் போதும் என்று தெருவுக்கே தெரியும், அவருக்கும் தெரியும். அவரோ உள்ளேயிருந்து, "வந்து காப்பியப் போடு" என்று குரல் மட்டும் கொடுத்தார். அன்று அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் அக்காள் வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டால், பார்க்கவில்லை.

சலூன்காரரின் தங்கை வந்து பார்த்துவிட்டு, "இப்பதான்ண்ணே அடுப்படியில காத்தே வருது" என்றாள். பாய் கிடந்த இடத்தில் அவர் இரும்பு ரேக் ஒன்று வாங்கிப் போட்டார். தெருவில் யார் எதை எறிந்தாலும் பொறுக்கி வந்து அதில் அடுக்குகிறார். விடுமுறை நாளில் காலையில் தொட ஆரம்பித்தால் முடிக்கும்போது இருட்டிவிடும். ஒன்றையும் விடுவதில்லை. அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு எதுவும் வெளியே வந்ததில்லை.