மூன்று கொட்டேஷன்

என் கம்ப்யூட்டர் திறக்கப் பதினோரு நிமிடம் ஆகும். அதற்குள் குக்கரில் சாதம் வைத்து இறக்கிவிடலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஆன்லைனில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி நடத்தும்போதே அது படுத்துவிடும். இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாவது முறை நடந்தால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வோம் என்று டியூஷன் கம்பெனி எழுதிவிட்டது. ரிட்டையர் ஆனபின் என்னை "மிஸ்" என்று கூப்பிடுவது அந்தப் பதினான்கு பிள்ளைகள்தான். அவர்களை விட எனக்கு மனசில்லை.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்கு ஆன்ட்டி. அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டா பறக்கும்," என்றான் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஃபிரெடி. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். சேலையூர் கேம்ப் ரோட்டில் வாங்கி வந்தால் தீர்ந்தது. நான் செய்த தப்பு, அதை என் கணவர் காதில் போட்டது.

தேவானந்தம் மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் துடைப்பம்கூட வாங்க மாட்டார். மறுநாளே ஹாலில் "எஸ்எஸ்டி தேர்வுக் குழு" கூடியது. தலைவர் அவர். உறுப்பினர்கள் ஃபிரெடியும் எதிர்வீட்டு சாம்பசிவனும். ஆரம்ப ஜெபத்துக்கு முந்திக்கொண்டு ஆமென் சொன்னவர் சாம்பசிவன்தான். வடையும் டீயும் என் பொறுப்பு.

"வாரண்டி அஞ்சு வருஷம்," என்றான் ஃபிரெடி.

"அஞ்சு வருஷம் இருக்குமா?" என்றார் சாம்பசிவன்.

"கண்டிப்பா இருக்கும் அங்கிள்."

"எஸ்எஸ்டியைக் கேக்கலைப்பா. எங்களைக் கேட்டேன்."

வாங்குகிறவர் ஆயுளுக்கு மேல் வாரண்டி வாங்குவது வீண்செலவா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். அதிலும் அதே மூன்று பேர்.

அடுத்த திங்கட்கிழமை, எஸ்எஸ்டியில் அதன் ஆயுளுக்குள் மொத்தம் முந்நூறு டெராபைட் வரை எழுதலாம் என்று ஃபிரெடி சொல்ல, என் கணவர் கணக்குப் போட்டார். தினம் பத்து ஜிபி எழுதினாலும் தீர எண்பத்திரண்டு வருடம்.

"மிச்சத்தை யார் எழுதறது?" என்று கவலைப்பட்டார் சாம்பசிவன். "என் பேரன் கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

மூன்றாம் கூட்டத்துக்குள் முதல் கொட்டேஷன் காலாவதி ஆகியிருந்தது. மறுபடி மூன்று கேட்டார்கள். அன்று மாலை வகுப்பின் நடுவில் திரை உறைந்தது. அரை நிமிடத்தில் பிழைத்து எழுந்தது. இனி ஒருமுறை பிழைக்காது.

மறுநாள் கேம்ப் ரோட்டுக்குப் போனேன். பேர் தெரிந்த கம்பெனியா, கெட்டுப்போனால் எங்கே கொண்டுவர வேண்டும் என்று இரண்டே கேள்வி. பத்து நிமிடத்தில் வாங்கினேன். பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிப் பொருத்த ஃபிரெடியைக் கூப்பிட்டேன்.

"நான் கமிட்டி மெம்பர் ஆன்ட்டி. எப்படி?"

"திங்கக்கிழமை வடை வேணுமா, வேணாமா?"

என் கணவரின் மத்தியானத் தூக்கத்துக்குள் வேலை முடிந்தது.

நான்காம் கூட்டம். கூட்டத்தின் மினிட்ஸ் டைப் அடிக்க அவர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் பேப்பர் எடுக்கத் திரும்பினார். திரை வந்துவிட்டது. சாம்பசிவன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மெட்டில்டா! இது ரிப்பேர் ஆயிடுச்சு! உடனே திறக்குது!"

ஃபிரெடி வடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், கம்ப்யூட்டர் தானாகக் குணமடைந்ததைக் குழு ஸ்தோத்திரத்துடன் பதிவு செய்தது.

அன்று மாலையும் பழக்கதோஷத்தில் ஏழு மணி வகுப்புக்கு முன்கூட்டியே உட்கார்ந்தேன். பத்து செகண்டில் திறந்துவிட்டது. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அவருடைய மினிட்ஸைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தேன்.

"தீர்மானம் 1: மெட்டில்டாவிடம் முடிவைக் கேட்க வேண்டாம். கேட்டால் மறுநாளே வாங்கிவிடுவாள். குழு கலைந்துவிடும். திங்கட்கிழமைகளில் நமக்கு வேறு வேலை இல்லை. அவளுடைய டியூஷன் வேலைக்கு ஆபத்து வருமுன் அவளே பொறுமையிழந்து வாங்கிவிடுவாள் என்று குழு நம்புகிறது. ஏகமனதாக நிறைவேறியது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது. ஏழு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கீழே நானும் டைப் அடித்தேன்.

"தீர்மானம் 2: மிக்ஸி சத்தம் போடுகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கவும். புது மிக்ஸி வரும்வரை வடை கிடையாது."