ஐந்து பேரும் ஒரு கிடாரியும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்:

அப்பா மருதையன். அம்மா பொன்னுத்தாய். அக்கா செம்மொழி. பக்கத்து வீட்டு ராசம்மாள். அவர் வீட்டை இடிக்க மறுநாள்தான் முறை. பெயர் வைக்காத ஒரு கிடாரிக் கன்று. அப்புறம் நான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. ‘வீடெங்கடி’ பாட்டைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். நன்னிலத்தில் டீக்கடையில் நின்றால் யாராவது என்னைப் பார்த்து, “தூங்குன தம்பி நீதானே?” என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.

எங்கள் வீடு வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இருந்தது. மேட்டூர் திறப்பதற்குள் தூர்வார வேண்டும், கரையை அகலப்படுத்த வேண்டும் என்றார்கள். நோட்டீஸை எங்கள் கதவிலேயே ஒட்டினார்கள். அந்த வீட்டில் பெறுமானம் உள்ளது அந்தக் கதவு ஒன்றுதான். கும்பகோணத்தில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் அப்பா வாங்கியது. தேக்கு, பித்தளைக் குமிழ் வைத்த இரட்டைக் கதவு. கூரை வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கதவு என்று ஊரே சிரித்ததாம்.

எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் ராத்திரி ஷிப்ட். நெல் அவிக்கும் பக்கம் வேலை. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றவனுக்கு அதுதான் கிடைத்தது. காலையில் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. அன்றைக்கு நிஜமாகவே பின்சுவர் விழுந்தது. அதுவும் தெரியவில்லை. பொக்லைன் ஓட்டிவந்தவர் கதவைப் பார்த்துவிட்டு, பெரியவரே, இதைக் கழட்டிக்குங்க, நான் ஒரு பீடி குடிச்சிட்டு வர்றேன் என்றாராம். அப்பாவும் அக்காவும் நிலையோடு கதவைப் பெயர்த்துத் தூக்கிப்போய் வரப்பில் சாய்த்துவிட்டு, பிறகுதான் என்னைத் தேடினார்கள். கதவுக்கு அடுத்தது நான்.

செங்கல் காளவாய் வைத்திருந்த அல்லா பிச்சை, இப்போது காளவாய் எரிவதில்லை, திடல் சும்மாதானே கிடக்கிறது, இருந்துகொள்ளுங்கள் என்றார். நாலு மூங்கில் நட்டு மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டினோம். நாலாவது பக்கத்தில் அப்பா கதவை நட்டார். இரண்டு பக்கமும் மண்ணில் நிலையைப் புதைத்து முட்டுக் கொடுத்தார். நாய் வராது என்றார். நாய் தார்ப்பாய்க்கு அடியில் வந்தது.

அந்த ஆனி மாதம் குறுவை நடவில் அக்கா பாட்டுக் கட்டினாள். நடவு ஆள்களுக்கு அவள்தான் முன்னே நின்று பாடுபவள். அவள் ஒரு அடி சொன்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் பதில் சொல்வார்கள்.

கதவிருக்கு நெலையிருக்கு – வீடெங்கடி?
பூட்டிருக்கு சாவியிருக்கு – வீடெங்கடி?
தபால்காரர் தட்டுறாரு – வீடெங்கடி?
தாப்பாளுதான் வாங்கங்குது – வீடெங்கடி?

இது அழுகிற பாட்டில்லை. கேலி. ‘வீடெங்கடி’ என்கிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து நாற்று முடியைத் தண்ணீரில் ஒரு அடி அடிப்பார்கள். வேகமாகப் போகும். கடைசியில் பெயர் வைக்கிற அடிகள் வரும். மருதையன் நின்னாரு, பொன்னுத்தாயி பார்த்தாங்க, ராசம்மா திட்டினாங்க, செம்மொழி சிரிச்சா, கிடாரி கத்திச்சு, தம்பி மட்டும் தூங்கினான். அந்தக் கடைசி அடிக்கு வயலே சிரிக்கும். நிலத்துக்காரர் மகள் வானதி வரப்பில் நின்று போனில் எடுத்துப் போட்டாள். பத்து நாளில் ஆலையில் லோடு ஏற்றுகிறவர்களின் போனில் எல்லாம் அக்கா குரல்.

பிறகு மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள்.

மன்னார்குடிப் பையன்கள் கிட்டாரோடு பாடினார்கள். நன்னிலத்தில் ஒரு பேண்டு செட், வார்த்தை தெரியாமல் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பெண் அழைப்பில் வாசித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு வாடகை வீடு. பெண்ணின் சித்தி, குத்திக்காட்டுகிறாயா என்று ட்ரம்பெட்காரரைப் பிடித்துக்கொண்டாராம். சென்னையில் ஒரு பெரிய பாடகர் நாற்பது வயலின் வைத்துப் பாடினார். இடிந்த சுவர் செட், வெறுங்கால், கண்ணில் தண்ணீர். அதுதான் உலகமெல்லாம் போனது. கீழே ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டிருந்தார்கள். பெயர் வைக்கிற அடிகள் இல்லை.

நான் கொதித்தேன் என்று சொல்லமுடியாது. என் அடியும் போய்விட்டதில் எனக்கு நிம்மதிதான். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, “இவ்ளோ மெதுவா பாடினா நாத்து வெயில்ல காஞ்சிடும்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். ஷார்ஜாவில் வேலை செய்கிற ஜாஃபர் சாதிக் என்ற ஆள், கூத்தாநல்லூர்க்காரர், கேம்ப் அறையில் அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து சோற்றுப் பானையைத் தட்டிக்கொண்டு பாடியிருந்தார். எங்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு அந்த அறையில் இருக்கிறவர்களின் பெயர்களை வைத்திருந்தார். எட்டுப் பேர், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேனுக்கும் ஒரு அடி. இது திருட்டு என்று கீழே எழுதினேன். அக்கா என் போனைப் பிடுங்கி அதை அழிக்கச் சொன்னாள்.

“அவருதான்டா சரியா பாடியிருக்காரு. எந்த வயல்ல பாடுறமோ அந்த வயல்ல நிக்கிறவங்க பேருதான் வைக்கணும். சென்னைக்காரரு யாரு பேரையும் வைக்கல பாரு, அதான் திருட்டு.”

நல்லா பாடினீங்க என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். கிடாரி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் தண்ணீர் தொட்டில் கட்டி நின்றது. கம்பால் குத்தித் தள்ளினால் என் பாயில் விழும். பகலில் தூங்குகிறவனுக்குச் சுவர் என்றால் என்ன என்று அந்த மழையில் தெரிந்தது. அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. எங்களுக்கு வீடு வேண்டும். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதனால்தான் துரைராசுவை நான் கூட்டிவந்தேன்.

அவர் தஞ்சாவூர்க்காரர், ஆலை முதலாளிக்குச் சிநேகிதர். நீடாமங்கலம் சாலையில் நாலு ஏக்கர் தாளடி நிலத்தை வாங்கி மனைக்கல் நட்டிருந்தார். முதல் வரிசையில் வீடும் கட்டிவிட்டார். விளம்பரத்துக்கு எங்கள் பாட்டு வேண்டும். வீடெங்கடி என்று கேட்டால், துரைராசு நகரில் என்று பதில் வரவேண்டும். அதற்கு ஒரு வீடு, அப்பா பெயரில் கிரயம் செய்து தருவதாகச் சொன்னார். இரண்டு அறை, உள்ளேயே கழிப்பறை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் வந்தார். தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கிக் கட்டியிருந்தது. அப்படியும் கதவு வழியாகவே, தேவையில்லாமல் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ராசம்மாளும் வந்து ஓரமாக நின்றார்.

அக்கா மறுக்கவில்லை. வீடெங்கே என்று கேட்டவர்களுக்கு வீடு கொடுத்துப் பதில் சொல்கிறார், தப்பில்லை என்றாள். மெட்டை மாற்றிக்கொள்ளட்டும், வேறு யாரை வேண்டுமானாலும் வைத்துப் பாடட்டும் என்றாள். அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நான் அந்த இரண்டாவது அறையில் எந்தச் சுவர் ஓரம் படுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள், கடைசியில் எங்கள் பெயர்கள் இருக்க வேண்டும் என்று.

துரைராசு சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். பாட்டை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டார்கள். போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. பெயர் வருகிற இடத்தில் ஒரு பெண் குரல் குழைந்தது: துரைராசு ஐயா தந்த கதவு, துரைராசு ஐயா தந்த வீடு.

அப்பா இருமி முடித்தார். “கதவு நான் வாங்கினது” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அக்கா நிதானமாகவே சொன்னாள். “நடவுப் பாட்டுல வரப்புல நிக்கிறவங்க பேரு வராதுங்க. சேத்துல எறங்கினவங்க பேருதான் வரும். நாளைக்கு மேலப் பண்ணையில நடவு, ஆள் பத்தல. எறங்குறதா இருந்தா வாங்க, உங்க பேரையும் வைக்கிறேன்.”

ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரைராசு தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. இவர்களிடம் பேசிப் பயனில்லை என்பதுபோல நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, நீ காலேஜ் பாத்தவன், எடுத்துச் சொல்லு. இந்த அஞ்சு பேர யாருக்குத் தெரியும்? அந்தத் தூங்குன தம்பிங்கிற வரியும் போயிடும். ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கலாம்ல.”

அவர் சொன்னது சரி. நான் எத்தனையோ காலை அதையேதான் நினைத்திருக்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வீடு இருந்ததற்கு இப்போது எந்தத் தடயமும் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. அதற்குள் ஒருவன் நம்பித் தூங்கினான் என்று ஷார்ஜா வரைக்கும் தெரிகிறதென்றால் அந்த ஒரு அடியால்தான்.

“அது இருக்கட்டும்ங்க” என்றேன். “நான் தூங்குனது நெசம்தான். எங்க வீட்ல தூங்குனேன்.”

யோசித்துச் சொல்லச் சொன்னார். வீடு வேறு யாருக்காவது போய்விடும் என்றார். போகட்டும் என்று அம்மா சொன்னாள். எனக்கு அதுதான் ஆச்சரியம். அந்தக் கழிப்பறையை எங்கள் எல்லோரையும்விட அவள்தான் ஆசைப்பட்டிருப்பாள்.

துரைராசு எழுந்தார். இந்த முறை குனியாமல் கதவைத் தாண்டினார். மேல்நிலை அவர் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திடலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் ஏறி இறங்கியது. அந்தப் பக்கம் கட்டியிருந்த கிடாரி அடியில் தலையை நுழைத்து எங்களைப் பார்த்தது.

நான் பாயை விரித்தேன். அக்கா வெளியே நின்று இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். நோட்டீஸ் ஒட்டிய பசை இன்னும் வெள்ளையாக இருந்த இடத்தில் கையை வைத்து அழுத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, கொண்டியில் பூட்டைக் கோத்துப் பூட்டினாள்.